வருங்கால மாமனாருக்கு வளாகம் சுற்றிக் காட்டியது

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் படித்தவன். பி.காம். மூன்று, எம்.காம். இரண்டு. அந்த ஐந்து வருடத்தில் அந்த வளாகத்துக்குள் மொத்தம் ஏழு தடவை போயிருக்கிறேன். ஏழு தடவையும் ஒரே கட்டடம், ஒரே கவுண்டர். அஞ்சல் வழிக் கல்வி அப்படித்தான். புத்தகம் பார்சலில் வரும், பரீட்சை எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கும். வளாகம் என்பது சான்றிதழின் மேல்பக்கத்தில் முத்திரையாக மட்டும் இருக்கும்.

இதை இப்போது இவ்வளவு நேராக எழுத முடிகிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் முடியவில்லை. முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. காலடிப்பேட்டையில் வீடு. எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிளார்க் வேலை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள் மைல் கணக்கில் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு டிரைவரிடமும் போய் காகிதத்தைச் சரிபார்ப்பது என் வேலை. பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே சேர்ந்தவன். வரிசை நகராத நேரத்தில்தான் படிப்பு. காஸ்ட் அக்கவுண்டிங் முழுவதையும் கன்டெய்னர்களின் நிழலில் உட்கார்ந்து படித்தேன் (வரிசை நகர்ந்தால் நிழலும் போய்விடும், நானும் புத்தகத்தோடு அடுத்த கன்டெய்னருக்குப் போவேன்).

இதில் பெருமைப்பட ஏதாவது இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான்கு இன்டர்வியூவில், "ரெகுலரா, கரஸ்ஸா?" என்று, அதாவது வகுப்புக்குப் போய்ப் படித்ததா அஞ்சல் வழியா என்று, கேட்டார்கள். "கரஸ்" என்றேன். நான்கு பேரும் ஃபைலை மூடி, பவ்யமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரக்கூடிய இடத்துக்கே போகாமல் இருந்தேன்.

அது பெண் பார்க்கப் போன இடத்தில் வந்தது.

ராயபுரத்தில் தவசிமணி அண்ணாச்சி என்றால் புளி, மிளகாய் மொத்த வியாபாரத்தில் தெரியாதவர் கிடையாது. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பதினான்கு வயதில் வந்தவர். அவருடைய ஒரே மகள் எஸ்தர், பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். எங்கள் குடும்பமும் அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்ததுதான் என்பதால் சர்ச்சில் யாரோ சொல்லி இந்தச் சம்பந்தம் வந்தது. அண்ணாச்சியின் தங்கை பாக்கியம் அத்தை மிக்சர் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்டார்.

"தம்பி ரெகுலராத்தான படிச்சிய?"

நான் வாயைத் திறக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். தலைதான் ஆடியது. மேலும் கீழுமாக.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். அதற்குள் எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் கேம்பஸ்ல எம்.எஸ்ஸி. பண்ணணும்னு எனக்கு ரொம்ப ஆசை. சீட் கெடைக்கல. அங்க படிக்கிறது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு, 'ஒரு கவுண்டர் இருக்கும், அதில் கம்பி போட்டிருக்கும்' என்று எவனால் சொல்ல முடியும்? மரம் என்றேன். மரத்தடி என்றேன். கேன்டீன், நண்பர்கள், நூலகத்துப் படிக்கட்டு என்று என் வாய் போய்க்கொண்டே இருந்தது. அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று வீடு திரும்பும்போது, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அண்ணாச்சியே போன் செய்தார்.

"மாப்ள, வார சனிக்கெழம லீவு போடுவியளா? நான் எட்டாங்கிளாசோட நின்னவன். காலேசுன்னா வாசலோட சரி. ஒரு தடவ உள்ள போயிப் பாக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. மாப்ள படிச்ச எடம்னா உரிமையா போலாம்லா? அங்கனயே ஒக்காந்து நிச்சயத்துக்குத் தேதியும் பேசிக்கிடுவோம்."

அவர் என்னைச் சோதிக்கக் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. நிஜமாகவே ஆசைப்பட்டுக் கேட்டார்.

மறுநாள் யார்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூர்த்தி வந்தான். வியாசர்பாடிக்காரன், என்னோடு வேலை செய்பவன், எந்தப் பிரச்சினைக்கும் அரை நிமிடத்தில் தீர்வு சொல்லிவிடுவான் (தீர்வு சரியா என்பது வேறு விஷயம்).

"இன்னா மாமு, மூஞ்சி தொங்கிகினு கீது?"

சொன்னேன்.

"அய்ய, இதுக்குப் போயா பேஜாராவுற? ஊர் சுத்திப் பாக்க வர்றவன்லாம் இன்னா அங்க படிச்சவனா? மேப்ப வெச்சிகினு சுத்தறான்ல? நீயும் சுத்து."

அவனே போனில் தேடி எடுத்தும் கொடுத்தான். பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே ஒரு கையேடு இருந்தது. 'நீங்களே நடந்து பாருங்கள்' என்று தலைப்பு. வழிகாட்டி யாரும் வேண்டாம். பன்னிரண்டு இடங்கள், அம்புக்குறி போட்ட வரைபடம், ஒவ்வொரு இடத்துக்கும் நாலு வரி. அதை அச்செடுத்து, மூன்று நாள் மதிய இடைவேளையில் உருப்போட்டேன். எம்.காமுக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. மூர்த்தி டிரெய்லர் படியில் உட்கார்ந்து பரீட்சை வைத்தான்.

"மூணாவது இன்னா?"

"பட்டமளிப்பு மண்டபம்."

"அங்க இன்னா ஸ்பெஷலு?"

"தேக்கு மரக் கூரை."

"பாஸு மாமு. கல்யாணச் சாப்பாட்ல எனக்கு ரெண்டு பீஸு."

சனிக்கிழமை வந்தார்கள். அண்ணாச்சி ஈஸ்டர் ஆராதனைக்குப் போகிறவர் மாதிரி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன் உட்படப் போட்டிருந்தார். பாக்கியம் அத்தை எலுமிச்சைச் சாதத்தை ஒரு பெரிய தூக்கில் கொண்டு வந்திருந்தார். எஸ்தர் வெளிர்பச்சைப் புடவை. கேட்டில் அண்ணாச்சி நின்று, குரலைத் தாழ்த்தி, "செருப்பக் கழட்டணுமா மாப்ள?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் அங்கேயே திரும்பி ஓடியிருக்க வேண்டும்.

முதல் இடம், நுழைவாயில். தப்பித்தேன். இரண்டாவது இடம், ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "பல தலைமுறை மாணவர்கள் இம்மரத்தின் நிழலில் அமர்ந்து விவாதித்து வளர்ந்தனர்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தம்பி, ரேடியோல வாசிக்கிற மாரி பேசுதிய?"

"நீங்க எங்க உக்காருவீங்க?" என்றாள் எஸ்தர்.

இது கையேட்டில் இல்லை. கண்ணில் பட்ட ஒரு வேரைக் காட்டினேன். "அதோ, அந்த வேர்ல."

அவள் போய்ப் புடவையை ஒதுக்கிக்கொண்டு அந்த வேரில் உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இவளை ஏமாற்றுகிறோமே என்று உறைத்தது அப்போதுதான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு நான் அவ்வளவு பெரிய கோழை.

மூன்றாவது இடத்துக்கு நகர்ந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது. "பல தலைமுறை மாணவர்கள் இம்மரத்தின் நிழலில் அமர்ந்து விவாதித்து வளர்ந்தனர்."

திரும்பிப் பார்த்தேன். வயதான தம்பதி. கணவர் தொப்பி போட்டிருந்தார். மனைவி கையில் அதே கையேடு. ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருக்க வேண்டும், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். அவர்களும் தாங்களே நடந்து பார்க்க வந்தவர்கள். அதே பன்னிரண்டு இடங்கள், அதே வரிசை. எனக்கு ஒரு இடம் பின்னால்.

அதிலிருந்து என் ஒரே குறிக்கோள், அந்த அம்மாவின் குரல் எட்டாத தூரத்தில் இருப்பது. மண்டபத்தை நாற்பது நொடியில் முடித்தேன். "தேக்கு, கூரை, வாங்க போலாம்." முட்டிவலிக்கார அத்தை, "ஏன் தம்பி, பஸ்ஸா போயிரும்?" என்று இரைக்க இரைக்க வந்தார். நான்காவது இடம் நூலகம். அங்கே மாட்டிக்கொண்டேன்.

அண்ணாச்சி அங்கே செருப்பைக் கழற்றிவிட்டார். நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. "இருக்கட்டும் மாப்ள, இது பொஸ்தகம் இருக்குத எடம்" என்று வெறுங்காலோடு படியேறி, கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே அடுக்கி வைத்திருந்த புத்தகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தனையும் படிச்சியளா?" என்றார். "கொஞ்சம்தான்" என்றேன். (அன்றைக்கு நான் சொன்ன ஒரே அடக்கமான பொய்.) "பட்டப்படிப்பின் ஒவ்வொரு மாலையும் மாணவர்களுக்கு இந்தப் படிக்கட்டுகளில்தான் முடியும்" என்று உருப்போட்டதையும் ஒப்பித்துவிட்டேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தொப்பிக்காரரும் அவர் மனைவியும் படிக்குக் கீழே வந்து நின்றார்கள். அந்த அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, நான் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் வாசித்தார்.

எஸ்தர் அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அவங்களும் உங்க பேட்ச்சா?" என்றாள்.

வரிசைப்படி போனால் அந்தத் தம்பதி விட மாட்டார்கள். "இங்கிருந்து ஒரு குறுக்கு வழி இருக்கு" என்று சொல்லிவிட்டு, வரைபடத்திலேயே இல்லாத ஒரு பாதையில் விறுவிறுவென்று இடதுபக்கம் திரும்பினேன். பின்னால் மூன்று பேரும் வந்தார்கள். ஒரு இரும்புக் கேட்டைத் தள்ளியதும் உள்ளேயிருந்து ஒரு காவலாளி அம்மா லத்தியோடு எழுந்து வந்தார்.

"யோவ், எங்க உள்ள வந்துகினே கீற? லேடீஸ் ஹாஸ்டலு! கண்ணு தெர்ல?"

கேட்டுக்கு மேலே ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது.

"அஞ்சு வருஷம் படிச்சிருக்கீங்க. லேடீஸ் ஹாஸ்டல் எங்கன்னுகூடத் தெரியாதா?" என்றாள் எஸ்தர். குரலில் பழைய இனிப்பு இல்லை.

அண்ணாச்சி அவளைச் செல்லமாக அதட்டினார். "ஏ, சும்மா இரு. நல்ல பையன், அதான் தெரியல."

அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன். பிளக்காததால் வலதுபக்கம் திரும்பி நடந்தேன். எங்கே போகிறோம் என்ற யோசனையே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் ஒரு ஆச்சரியம். எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. சைக்கிள் ஸ்டாண்ட், ஜெராக்ஸ் கடை, தண்ணீர் வராத குழாய். அப்பாடா, வழி பிடிபட்டுவிட்டது என்று நிம்மதியாக மூலை திரும்பினேன். அந்த வளாகத்தில் என் காலுக்குத் தெரிந்த பாதை ஒன்றே ஒன்றுதான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

எதிரே தொலைதூரக் கல்வித் துறை. நாலாம் நம்பர் கவுண்டர். அதன் ஊழியர் டீ கிளாசோடு வெளியே நின்றுகொண்டிருந்தார். திருவொற்றியூர்க்காரர். ஏழு தடவையும் எனக்குக் காகிதம் கொடுத்தவர். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"டேய் காலடிப்பேட்ட! இன்னாப்பா, ஆளையே காணோம்? சர்ட்டிபிகேட்ல இனிசியலு தப்பா கீதுன்னு அலைஞ்சிகினு இருந்தியே, சரியாப் போச்சா?"

நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு, அண்ணாச்சியின் பக்கம் திரும்பி எனக்கு நற்சான்று வழங்கத் தொடங்கினார்.

"நைனா, நீ இவன்கு இன்னா ஒறவு? தங்கமான புள்ள. கரஸ்ல படிச்சிகினு, யார்டு வேலைக்கும் போய்கினு, நைட் டூட்டி முட்ச்சிட்டு அப்டியே அழுக்குச் சட்டையோட வந்து கியூல நிப்பான். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல மட்டும் நாலு தபா பெயிலு. வுட்டானா? அஞ்சாவது தபா பாஸ் பண்ணி, ஸ்வீட்டு எட்த்துகினு வந்தான். இந்தக் கவுண்டர்ல எனக்கு ஸ்வீட்டு குட்த்த ஒரே ஆளு இவன்தான்!"

ஒவ்வொரு வார்த்தையும் பாராட்டு. ஒவ்வொரு பாராட்டுக்கும் நான் ஒரு அங்குலம் குள்ளமானேன். அந்த நேரம் பார்த்து மூலையிலிருந்து தொப்பிக்காரத் தம்பதி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். "தம்பி, அஞ்சாவது இடம் இதானா? நீங்க இங்க படிச்சவர் மாதிரி வேகமா நடந்தீங்க. வழி தெரிஞ்சவர்னு பின்னாடியே வந்தோம்" என்றார் அந்த அம்மா.

பாக்கியம் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப ரெகுலர் இல்லியா?"

"இல்ல அத்த," என்றேன். "ஒரு நாள்கூட இங்க கிளாஸுக்கு வந்ததில்ல. எல்லாம் இந்தப் பேப்பரைப் பாத்துப் படிச்சது." சட்டைப் பையிலிருந்து கையேட்டை எடுத்துக் காட்டினேன். நாலாக மடித்து, வரிக்கு வரி அடிக்கோடு போட்டது.

அண்ணாச்சி அங்கே கிடந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டி, "ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

"வேலைக்குப் போய்க்கிட்டேதான் படிச்சியளா?"

"ஆமா."

"அஞ்சு வருசமும்?"

"ஆமா. யார்டுல, கன்டெய்னர் நிழல்ல உக்காந்து."

குனிந்து என் கையிலிருந்த கையேட்டின் அடிக்கோடுகளைப் பார்த்தார். இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது. அப்புறம் அவர் சொன்னார்.

"படிக்காதவன் படிச்சேன்னு சொல்லிக்கிட்டுத் திரிவான், பாத்திருக்கேன். நானே பத்து படிச்சிருக்கேன்னு ரெண்டு பேருகிட்டச் சொல்லியிருக்கேன். கஷ்டப்பட்டுப் படிச்சத ஒளிச்சு வைக்கிற ஆள இப்பத்தான் பாக்கேன். கூறு கெட்ட பய."

'மாப்ள' போய் 'பய' ஆனதில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. சொந்தக்காரனைத்தான் அப்படித் திட்டுவார்கள்.

"அதுக்காவ பொய் பொய் இல்லன்னு ஆயிருமாண்ணே?" என்றார் அத்தை.

"பொய்தான்," என்றார் அண்ணாச்சி. "அத எஸ்தரு பாத்துக்கிடுவா."

எஸ்தர் பார்த்துக்கொண்டாள். என் கையிலிருந்த கையேட்டைப் பிடுங்கினாள். "இன்னும் எட்டு இடம் பாக்கி. எந்திரிங்க. இப்ப நான் வாசிக்கிறேன், நீங்க நிஜத்தை மட்டும் சொல்லணும்."

நாங்கள் இருவர் மட்டும் நடந்தோம். ஐந்தாவது இடம், அறிவியல் கூடம். "வந்ததில்ல" என்றேன். ஆறாவது, அருங்காட்சியகம். "வந்ததில்ல." ஏழாவது இடம் கேன்டீன்.

"ஒரு தடவ வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள போனா ஐ.டி. கார்டு கேப்பாங்களோன்னு பயந்துட்டுத் திரும்பிட்டேன்."

அவள் வாசிப்பதை நிறுத்தினாள். "லிஸ்ட்ல பேர் இருக்கான்னு பாக்க வந்த அன்னிக்கு நானும் இந்த வாசல்ல நின்னுட்டுத்தான் போனேன்" என்றாள். பிறகு, "வாங்க" என்று உள்ளே நடந்தாள்.

யாரும் ஐ.டி. கார்டு கேட்கவில்லை. இரண்டு டீ வாங்கி உட்கார்ந்தோம்.

"கரஸ்ங்கறதுக்கு எனக்குக் கோவமே இல்ல," என்றாள். "அந்த வேர்ல என்னைய உக்கார வெச்சீங்களே, அதுக்குத்தான். நான் எவ்ளோ சந்தோஷமா உக்காந்தேன் தெரியுமா?"

"தெரியும். பாத்தேன். அப்பவே சொல்லியிருக்கணும். தப்புதான்."

"இன்னொரு தடவ?"

"சத்தியமா இல்ல."

அவள் டீயை எடுத்துக் குடித்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக யாரும் டீ குடித்து நான் பார்த்ததில்லை. கடைசியில், "எட்டாவது என்னன்னு பாருங்க" என்று கையேட்டை என்னிடம் நீட்டினாள்.

பன்னிரண்டையும் முடித்துவிட்டுத் திரும்பினோம். நாலாம் நம்பர் கவுண்டருக்கு முன்னால் எலுமிச்சைச் சாதப் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஊழியருக்கும் தொப்பிக்காரத் தம்பதிக்கும் அத்தை தூக்கு மூடியில் பரிமாறிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மட்டும் சாப்பிடவில்லை. கையில் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டாங்கிளாசு படிச்சவனச் சேப்பியளா?"

"நேரா முடியாது நைனா. பத்தாவதும் பிளஸ் டூவும் பிரைவேட்டா எய்திட்டு வா. எட்த்துக்கறோம்."

"எனக்கு அம்பத்தஞ்சு ஆவுது."

"அத்த யாரு கேட்டா? வா நைனா."

அண்ணாச்சி படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும், "நிச்சயத்துக்கு நீங்க ரெண்டு பேருமே ஒரு தேதி பாத்துச் சொல்லுங்க மாப்ள. எனக்குப் பத்தாங்கிளாசுப் பரிச்ச என்னைக்குன்னு பாக்கணும்" என்றார்.

கல்யாணம் நடந்தது. மூர்த்தி மூன்று பீஸ் சாப்பிட்டான். எனக்கு மாமாவாகிவிட்ட அண்ணாச்சி பத்தாவது எழுதினார். அறிவியல் செய்முறை வகுப்பில் பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். கணக்கில் இரண்டு தடவை கவிழ்ந்து, மூன்றாம் தடவை கரையேறினார். பிறகு பிளஸ் டூ. இப்போது பி.ஏ. வரலாறு, இரண்டாம் வருடம், அதே பல்கலைக்கழகம், அஞ்சல் வழி. மிளகாய் மூட்டையில் சாய்ந்துகொண்டு பானிபட் யுத்தம் படிக்கிறார். பக்கம் புரட்டும்போதெல்லாம் தும்முகிறார்.

எங்கள் வீட்டில் எந்த விசேஷமென்றாலும் பாக்கியம் அத்தை இந்தக் கதையைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் லேடீஸ் ஹாஸ்டலுக்குள் நான் போன தூரம் அதிகமாகிக்கொண்டே வருகிறது. போன கிறிஸ்துமஸுக்கு மாடிப்படி ஏறிவிட்டேன். நான் மறுப்பதில்லை, மறுக்கும் தகுதியை அன்றே இழந்துவிட்டேன்.

மாமாவின் கடைக்கு நான் போகும்போது சில சமயம் வெளியூர் வியாபாரிகள் இருப்பார்கள். "யாரு அண்ணாச்சி, மருமவனா?" என்று கேட்பார்கள். மாமா மூட்டையிலிருந்து எழுந்து நிற்பார்.

"மருமவன்தான். அதுக்கு மேல, காலேசுல எனக்கு சீனியரு."